மின்பொறிக்கு இட்ட கடிவாளம்

கிந்தா பள்ளத்தாக்கிற்குப் பெருமளவில் மின்சாரத்தை வரவழைத்தது ஈயம். 1926-இல் தோன்றிய பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி, 1928-இல் காம்பாருக்கு அருகிலுள்ள மாலிம் நாவாரில் ஓர் அனல்மின் நிலையத்தையும், 1930-இல் பேராக் ஆற்றின் குறுக்கே சென்டரோ அணையில் 27 மெகாவாட் நீர்மின் நிலையத்தையும் நிறுவியது. ஈயம் வாரும் கப்பல்களும், சேற்றையும் சரளையையும் பாலோங் என்னும் உயர்ந்த மரச்சரிவுக்கு இறைத்து ஏற்றும் பம்புகளுமே அம்மின்சாரத்தின் பெரும் நுகர்வோர். அண்டையிலிருந்த ரப்பர்த் தோட்ட லயங்கள் பலவற்றில் மேலும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. தொழிலாளியின் வீட்டுக்கு முன்னரே இயந்திரத்தின் வீட்டுக்கு மின்கம்பி போய்விட்டது.

அவ்வியந்திரங்களுக்கு உயிராக விளங்கியது மின்பொறி, அதாவது மோட்டார். அதனை ஓட்டுவதினும் ஓடத் தொடங்கச் செய்வதே அரிய செயல். சுழலும் மோட்டார் தன்னுள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உட்புகும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்திக் கொள்கிறது. நின்றிருக்கும் மோட்டாருக்கு அந்தக் காப்பு இல்லை. பெரிய மோட்டாரை நேரே மின்கம்பியில் இணைத்தால், வழக்கத்தைப் போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் பாய்ந்து சுருளைச் சூடாக்கும். அக்கம்பியை நம்பியிருக்கும் பிற இயந்திரங்களும் தளரும். ஆகவே இடையில் மின்தடைகளை வைத்து, வேகம் ஏற ஏற அவற்றைப் படிப்படியாக விலக்கும் முறை வகுக்கப்பட்டது. இக்கருவியே மோட்டாருக்கு இட்ட முதல் கடிவாளம் எனலாம்.

தமிழர் இக்கடிவாளத்தை ஈய வயலுக்கு முன்பே சென்னைத் தெருவில் கண்டனர். இந்தியாவின் முதல் மின் டிராம் வண்டி 1895 மே மாதம் 7-ஆம் நாள் அங்கே ஓடத் தொடங்கி, 1953 வரை நிலைத்தது. (இலண்டன் மாநகர் முறையான மின் டிராம் சேவையைப் பெற்றது 1901-இல்தான் என்பதை மாணவர் கருதிப் பார்க்கலாம்.) அக்காலத்து டிராம் ஓட்டுநர் தம் முன்னிருந்த கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்புவார். ஒவ்வொரு படிக்கும் ஒரு மின்தடை விலகும், வண்டி வேகம் கொள்ளும். விலகாதிருந்த தடையில் மின்னாற்றல் வீணே வெப்பமாகக் கரைந்தது. பின்னால் ஒரு மின்நிலையமே நின்றதால் அவ்விரயம் எவரையும் வருத்தவில்லை.

அதே 1895-ஆம் ஆண்டின் இறுதி நாளில், அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் மின்மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். பின்சக்கரத்தின் குடத்திலேயே மோட்டார். 10 வோல்ட் மின்கலம். 100 ஆம்பியர் வரை மின்னோட்டம். இன்றைய வண்டியின் உருவம் அன்றே வரையப்பட்டுவிட்டது. ஆயினும் அது நாட்டில் உலவ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. மின்கலத்தின் எடை ஒரு காரணம். கடிவாளம் இன்மை மற்றொன்று. அதுவே பெரும்பாலும் பேசப்படாதது. சிறு மின்கலத்தை நம்பி ஓடும் வண்டி, டிராமைப் போல் ஆற்றலை வெப்பமாக எரிக்க இயலுமா?

விடை துண்டு துண்டாக வந்தது. 1879-இல் எட்வின் ஹால், மின்னோட்டம் பாயும் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். 1962-இல் வில்சன், டிரிக்கி என்னும் இருவர், தேயும் தூரிகைக்கு மாற்றாகத் திண்மநிலை மின்னணுக் கருவிகளைக் கொண்டு மோட்டாரை இயக்கிக் காட்டினர். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நியோடிமியக் காந்தம் உருவாயிற்று. இவை ஒன்று கூடியதே இன்றைய கட்டுப்படுத்தி. ஹால் உணரிகள் மூன்றும் காந்தம் எங்கே நிற்கிறது என்று அறிவிக்கும். ஆறு டிரான்சிஸ்டர்கள் அதற்கேற்ற சுருள்களுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். வினாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுவதால் வேகம் குறைகிறது. வெப்ப விரயமும் சிறுத்துவிடுகிறது.

இதனைப் பொருத்துவோர் மின்கலத்தின் வோல்ட்டும் கட்டுப்படுத்தியின் வோல்ட்டும் ஒத்துள்ளனவா என்பதை முதலில் பார்க்கவேண்டும். மெல்லிய கம்பிகளை முன்னும், மின்கலத்தை இறுதியிலும் இணைப்பது நல்லது. மோட்டாரிலிருந்து மூன்று தடித்த கம்பிகளும், உணரிகளுக்குரிய ஐந்து மெல்லிய கம்பிகளும் வருகின்றன. கம்பியின் நிறத்தை நம்புவதற்கில்லை. ஆலைக்கு ஆலை அது வேறுபடும். தடித்த மூன்றையும், உணரிச் செய்தி தரும் மூன்றையும் மாற்றி மாற்றி இணைக்க 36 வழிகள் உண்டு. அவற்றுள் ஆறு மட்டுமே சீராக ஓடுபவை. அந்த ஆறிலும் மூன்று சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும். சக்கரம் உதறினாலோ உறுமினாலோ இவ்வரிசையையே முதலில் ஐயுறவேண்டும்.

சரியாக ஓடிய வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால், மின்கலத்திலிருந்து மோட்டாரை நோக்கித் தேடுவதே முறை. மழை மிகுந்த காம்பார் போன்ற ஊர்களில், உணரிக் கம்பிகளின் இணைப்பில் ஈரம் புகுந்து பச்சை பூத்திருத்தல் கூடும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றும்போது ஒவ்வோர் உணரிக் கம்பியும் 0 வோல்ட்டுக்கும் ஏறத்தாழ 5 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறிக் காட்டவேண்டும். மாறாமல் நிற்பது பழுதுற்ற உணரி, அன்றி அறுந்த கம்பி. சக்கரமே இறுகித் தடைப்பட்டுச் சுழல்கிறதெனில், மின்கலத்தைத் துண்டித்தபின் தடித்த மூன்று கம்பிகளையும் தனித்தனியே கழற்றி மீண்டும் சுழற்றவேண்டும். இலேசாகிவிட்டால் கட்டுப்படுத்தியினுள் டிரான்சிஸ்டர் எரிந்து ஒட்டிக்கொண்டது என்று கொள்ளலாம். இறுக்கம் நீங்காவிடில் மோட்டாரின் சுருளையோ அதன் கம்பியையோ பார்க்கவேண்டும். உள்ளே பற்சக்கரம் அமைந்த மோட்டாராயின், பின்னோக்கிச் சுழற்றினால்தான் இச்சோதனை பலிக்கும்.