அருளும் உரிமையும்: கொங்கின் பன்மை குறித்துச் சில எண்ணங்கள்

பல மொழிகளும் மதங்களும் கலந்து வாழும் சமூகம் எந்த ஆட்சிமுறையில் செழிக்கும் என்ற கேள்வி எழும்போதெல்லாம் நாம் யூகோஸ்லாவியாவையும் சிங்கப்பூரையும் உதாரணம் காட்டுவது வழக்கம். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஈரோட்டை வைத்தே இதைக் கேட்டுப் பார்க்கலாம். கங்கர், சோழர், ஹொய்சளர், பாண்டியர், விஜயநகரம், மதுரை நாயக்கர், மைசூர் உடையார், ஹைதர், திப்பு, 1799க்குப் பின் கம்பெனி, அதன்பின் பிரிட்டிஷ் முடியரசு, இறுதியில் குடியரசு என்று ஆட்சிகள் வரிசையாக வந்துபோன நிலம் கொங்கு.

ஒவ்வொரு ஆட்சியும் தன் வண்டலை விட்டுச் சென்றிருக்கிறது. விஜயமங்கலத்தில் சந்திரப்பிரபருக்கான சமணக் கோயில் நிற்கிறது. சௌடேசுவரி அம்மனை வழிபடும் தேவாங்கர் நெசவாளர்களில் பலர் இன்றும் வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள். தெலுங்கு பேசும் உழவர்களும் உருது பேசும் முஸ்லிம்களும் தலைமுறைகளாக இங்கே இருக்கிறார்கள். பவானி சங்கமேசுவரர் கோயிலில் வேதநாயகி அம்மனுக்குத் தந்தக் கட்டில் அளித்தவர் வில்லியம் காரோ என்ற ஆங்கிலேயக் கலெக்டர். ஆண்டு 1804.

இதையெல்லாம் பார்க்கும் ஒருவர், எந்த ஆட்சியிலும் பன்மைச் சமூகம் வாழ்ந்துவிடும், அதற்கு வேண்டியது அமைதி மட்டுமே என்று முடிவுக்கு வரலாம். அதற்குச் சான்றும் இருக்கிறது. ஹைதர் காலத்தில் ஈரோட்டில் 3,000 வீடுகள் இருந்தன என்றும், மராட்டிய, மைசூர், ஆங்கிலேயப் படையெடுப்புகளால் ஊர் ஏறத்தாழ வெறிச்சோடியது என்றும், அமைதி திரும்பிய ஓராண்டுக்குள் 400 வீடுகள் எழுந்தன என்றும் பழைய கெசட்டியர் கூறுகிறது. ஊரைக் காலி செய்தது போர். மொழியோ மதமோ அல்ல.

ஆனால் ‘வாழ்ந்தார்கள்’ என்பதும் ‘செழித்தார்கள்’ என்பதும் ஒன்றல்ல. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் தாங்கிய அரசன் அப்பகுதிக் கம்மாளர்களுக்கு வழங்கிய ஆணை அது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டலாம். வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கோயில்களுக்குச் சிலை வடித்தவர்கள், ஏருக்குக் கொழு அடித்தவர்கள், தங்கள் காலில் செருப்பு மாட்ட அரசாணை வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

முடியாட்சிக் காலப் பன்மையின் இயல்பு இதில் தெளிவாகிறது. அங்கே வேற்றுமைகள் அழிக்கப்படவில்லை. படிநிலையில் அடுக்கப்பட்டன. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இடம், அந்த இடத்துக்குரிய எல்லை. எல்லையைத் தளர்த்துவது அரசனின் அருள். அது கேட்ட குழுவுக்குக் கிடைக்கும், அதற்குக் கீழே உள்ள குழுவுக்குப் போகாது. உஸ்மானியப் பேரரசும் கிறித்தவர்களையும் யூதர்களையும் இவ்வாறே தத்தம் சமயச் சட்டத்தோடு வாழவிட்டது. சமமாக வைக்கவில்லை.

காலனியாட்சி இந்த ஏணியை உடைக்கவில்லை. கணக்கெடுத்துப் பதிவு செய்தது. ஆனால் அதனோடு வந்த அச்சகமும் நகராட்சியும் ஏணியைக் கேள்வி கேட்பவர்களுக்கு இடம் தந்தன. வீட்டில் கன்னடம் பேசிய குடும்பத்தில் பிறந்த ஈ.வெ.ரா. ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்தார். 1925ல் இதே ஊரிலிருந்து ‘குடிஅரசு’ இதழைத் தொடங்கினார். 1938ல் இந்தி எதிர்ப்பின் முன்னணியில் நின்று சிறை சென்றார். தாய்மொழி இங்கே ஒருவரைத் தடுக்கும் சுவராக இருக்கவில்லை. அவர் மோதிய சுவர் வேறு.

மக்களாட்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 1956ஆம் ஆண்டைப் பார்ப்போம். அவ்வாண்டு இலங்கையில், தேர்தலில் வென்று வந்த அரசு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. அதே ஆண்டு இந்தியாவில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. கோயமுத்தூர் மாவட்டத்திலிருந்து கொள்ளேகால் வட்டம் மைசூருக்குச் சென்றது. கன்னடம் பேசும் தாளவாடி நம்மிடமே தங்கியது. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்ற 350அ பிரிவும் அந்த ஆண்டுதான் அரசியலமைப்பில் சேர்ந்தது.

இரண்டும் வாக்குரிமை உள்ள நாடுகள். சோல்பரி அரசியலமைப்பிலும் சிறுபான்மையினருக்கான 29ஆம் பிரிவு இருந்தது. அது காக்கவில்லை. அங்கே ஒரு மொழியினர் தனியாகவே பெரும்பான்மை. இங்கே எந்த மொழியினரும் நாடு முழுவதற்கும் பெரும்பான்மை அல்ல. தாளவாடிக் கன்னடர் நம்மிடையே சிறுபான்மை, கொள்ளேகால் தமிழர் அங்கே சிறுபான்மை. ஒவ்வொருவர் வீட்டுப் பிள்ளையும் எல்லைக்கப்பால் அடுத்தவர் பொறுப்பில் இருக்கும்போது சட்டத்தை மீறக் கை சற்றுத் தயங்கும். உரசல்கள் இல்லாமல் போகவில்லை. 2006ல் தமிழ் கட்டாயப் பாடமானபோது மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் சென்றன, விலக்கும் பெற்றன. சச்சரவு தெருவில் நிகழாமல் வழக்காக மாறியதே ஒரு சாதனைதான்.

ஆனால் மொழி நல்லிணக்கத்தைப் பாராட்டிவிட்டு எழுந்துபோக முடியாது. கொங்கின் அருந்ததியர்களில் பெரும்பாலோர் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். பன்மொழிப் பெருமையின் பட்டியலில் அவர்களைச் சேர்ப்பவர்கள் குறைவு. செருப்புத் தைத்தவர்கள் ஊர்த்தெருவில் செருப்போடு நடக்க முடியாத நிலை, கம்மாளர் ஆணைக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும், குடியரசு வந்தபின்னும் நீடித்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளையும் அவ்வாறே. 2009ல் தமிழகம் அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு அளித்தது. பட்டியல் சாதிகளுக்குள் இத்தகைய உட்பிரிவு செல்லும் என்று 2024ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரூர் ஆணைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். அது அரசன் மனமிரங்கியதால் வந்தது. இது கேட்டு, போராடி, வாதிட்டுப் பெறப்பட்டது. மறுக்கப்பட்டால் மீண்டும் கேட்கலாம்.

ஆகவே பன்மைச் சமூகம் எந்த ஆட்சியிலும் பிழைத்திருக்கும் என்பதே என் எண்ணம். செழிக்கிறதா என்பதை அறிய, அங்கே மிக எளியவர் தன் மானத்துக்கு யாருடைய அருளை நம்பியிருக்கிறார் என்று பார்க்கவேண்டும். இன்று ஈரோட்டுச் சாயப்பட்டறைகளிலும் ஆலைகளிலும் ஒரியாவும் போஜ்புரியும் கேட்கின்றன. இந்த நிலத்துக்கு வந்த கடைசி மொழிகள் அவை. அவற்றைப் பேசுபவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே வாக்கு இல்லை. கூலியும் தங்குமிடமும் ஒப்பந்தக்காரரின் மனத்தைப் பொறுத்தவை. குடியரசுக்குள்ளேயே ஒரு பழைய கொங்கு நாடு அவர்களைச் சுற்றி உருவாகிக்கொண்டிருக்கிறது. நம் பன்மையைப் பற்றிப் பெருமைகொள்ளும் முன் அவர்களிடம் விசாரிப்பது நல்லது.