மதிப்பெண் இல்லாத இருபது வாரம்: ஹைதராபாத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் உருவாகும் முறை

முன்னுரை

தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியர் என்று நாம் அழைக்கும் பணிக்குத் தெலங்கானாவில் ஸ்கூல் அசிஸ்டென்ட் என்று பெயர். அந்தப் பணியை விரும்பும் ஹைதராபாத் இளைஞர் பட்டப்படிப்புக்குப் பிறகு நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும்: எட்செட் நுழைவுத் தேர்வு, இரண்டாண்டு பி.எட்., டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு, டி.எஸ்.சி. நியமனத் தேர்வு. முதலும் கடைசி இரண்டும் கொள்குறி வினாத் தேர்வுகள். பிள்ளைகளுக்கு முன் நின்று பாடம் நடத்துவது பி.எட். படிப்பில் மட்டுமே. அங்கே அவர் எப்படி நடத்தினார் என்பதை நியமனத்தின்போது யாரும் கேட்பதில்லை. கல்லூரிப் பயிற்சி பலவீனமாக இருப்பதற்கு நியமன முறையே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பயிற்சி எதற்காக?

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் புதிய விதிமுறைகளை வகுத்தது. 2015-16 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. பள்ளியில் பெறும் பயிற்சி முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என ஆயிற்று.

பள்ளிக்குப் போகுமுன் நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும். என்.சி.இ.ஆர்.டி. வகுத்த இந்திய முறைப்படி ஒரு சுற்றுக்கு 36 நிமிடம்: கற்பிக்க 6, குறைநிறை கேட்க 6, திருத்தித் திட்டமிட 12, மீண்டும் கற்பிக்க 6, மீண்டும் கருத்துக் கேட்க 6. வினா தொடுத்தல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் என ஒரு நேரத்தில் ஒரு திறன் மட்டும் பழகப்படும். சக பயிற்சி மாணவர்களே பிள்ளைகளாக அமர்வார்கள். கேள்வி பாதியில் இருக்கும்போதே கை தூக்குவார்கள். விடை தவறாமல் சரியாக வரும். கைப்பழக்கம் வருவதற்கு இது உதவும். பாடம் புரியாத பிள்ளையை எப்படிக் கையாள்வது என்பதை இது கற்றுத் தராது.

ஹைதராபாத் வகுப்பறையில் அந்தப் பிள்ளையைத் தவிர்க்க முடியாது. 2022-23 முதல் தெலங்கானா அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கில வழி கொண்டுவரப்பட்டது. இருமொழிப் பாடநூல்கள் வந்தன: ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம். பழைய நகரத்தில் பல பிள்ளைகளின் வீட்டுமொழி தக்கினி உருது. எட்டாம் வகுப்பில் அழுத்தம் பற்றிய பாடத்தை எடுப்பவர் எந்த மொழியில் தொடங்குவது, எங்கே ஆங்கிலத்துக்கு மாறுவது, கலைச்சொல்லை எப்போது பலகையில் எழுதுவது என்று வகுப்பில் நின்றபடியே முடிவெடுக்க வேண்டும். அன்று மாலை நோட்டுகளைத் திருத்தும்போதுதான் முடிவு சரியா என்று தெரியும். மறுநாள் வேறு விதமாக நடத்திப் பார்க்கலாம். பதினாறு வாரம் தேவைப்படுவது இதற்காகவே.

மதிப்பெண் கணக்கு

2024 டி.எஸ்.சி.யில் ஸ்கூல் அசிஸ்டென்ட் தேர்வு 160 வினா, 80 மதிப்பெண். பொது அறிவுக்கு 10, கல்வியியல் நோக்குகளுக்கு 10, பாட அறிவுக்கு 44, கற்பித்தல் முறைகளுக்கு 16. மீதி 20 டெட் மதிப்பெண்ணிலிருந்து வரும். பயிற்சியில் நடத்திய பாடத்துக்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை.

போட்டியும் கடுமையானது. 2017 அறிவிக்கைக்குப் பிறகு நடந்து முடிந்த அடுத்த பெரிய நியமனம் 2024இல்தான். அதன் 11,062 இடங்களில் பொதுப் பள்ளிப் பாடங்களுக்கான ஸ்கூல் அசிஸ்டென்ட் இடங்கள் 2,629. பி.எட். முடித்தவர்கள் தொடக்க வகுப்பு ஆசிரியராகத் தகுதி பெற மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததால், இடைநிலை ஆசிரியர் பணியும் அவர்களுக்குக் கிடைக்காது. ஆகவே மாணவர் பயிற்சிப் பள்ளியில் இருக்கும்போதே தில்சுக்நகர் கோச்சிங் சென்டரின் மாதிரித் தேர்வை எண்ணிக்கொண்டிருந்தால் அது சோம்பல் அல்ல, சரியான கணக்கு.

எதிர்வாதம்

எழுத்துத் தேர்வை ஆதரிப்பவர்களின் வாதம் வலுவானது. நேர்காணலில் சாதியும் சிபாரிசும் பணமும் புகும். விடைக்குறிப்பை யாரும் சரிபார்க்கலாம். பி.எட். கல்லூரிகளின் செய்முறை மதிப்பெண்ணையும் அப்படியே நம்ப முடியாது. பணிமுன் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசுசாராதவை என்று வர்மா ஆணையம் குறிப்பிட்டது. கட்டணத்தை நம்பி நடக்கும் கல்லூரி தன் மாணவருக்கே குறைத்து மதிப்பெண் போடும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

ஆனால் இங்கே ஒரு சுழல் இருக்கிறது. கல்லூரியின் மதிப்பீட்டை நம்ப முடியாததால் அரசு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கணக்கில் வராததால் அதைச் செம்மையாகச் செய்யக் கல்லூரிக்கும் மாணவருக்கும் காரணமில்லை. ரெக்கார்டு நோட்டு மட்டும் ஆண்டுதோறும் தடிமனாகிறது. மதிப்பீட்டை ஒதுக்கிவிட்டால் அதன் தரம் உயராது.

செய்யக்கூடியவை

முதலாவது, பயிற்சிப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியருக்குப் பொறுப்பும் நேரமும் தர வேண்டும். இன்று அவர் பெரும்பாலும் கையெழுத்துப் போடுபவர். வாரப் பாடவேளையைக் குறைத்து, பயிற்சி மாணவரின் வகுப்பைப் பார்த்து எழுதும் குறிப்பை அவர் கடமையாக்கலாம்.

இரண்டாவது, கல்லூரியின் கையிலிருந்து மதிப்பெண்ணைப் பிரிக்க வேண்டும். பதிவு செய்த ஒரு பாடவேளையையும் அந்த வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளையும் பெயர் மறைத்து வேறு மாவட்ட ஆசிரியர் இருவர் தனித்தனியே மதிப்பிடலாம். கேந்திரிய வித்யாலயா நியமனங்களில் எழுத்துத் தேர்வுக்குப் பின் மாதிரி வகுப்பு நடத்திக் காட்டச் சொல்லும் வழக்கம் இருந்திருக்கிறது. நடத்திக் காட்டுவதை மதிப்பிடவே முடியாது என்பது சரியல்ல.

மூன்றாவது, கல்லூரிக்கும் பள்ளிக்கும் நிலையான தொடர்பு வேண்டும். ஹைதராபாத்தில் அதற்கு அடித்தளம் இருக்கிறது: 1958இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம் இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்; 1998இல் தோன்றிய மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் ஃபலக்னுமாவில் சொந்த மாதிரிப் பள்ளியை நடத்துகிறது.

முடிவுரை

தேசியக் கல்விக் கொள்கை 2020 நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். படிப்பை முன்வைக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2025 வரைவு, நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். மீண்டும் வரலாம் என்கிறது. காலத்தை நீட்டினாலும் குறைத்தாலும் நியமனத்தில் எண்ணப்படாத பயிற்சியை யாரும் முழு மனத்தோடு செய்ய மாட்டார்கள். தெலங்கானா அரசு அடுத்த டி.எஸ்.சி. அறிவிக்கையில் நூற்றுக்குப் பத்து மதிப்பெண்ணையாவது வகுப்பறைக் கற்பித்தலுக்கு ஒதுக்க வேண்டும். பாடத்திட்டத் திருத்தங்கள் அதற்குப் பிறகு வரலாம்.