பட்டான் கல்

தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரிப் பகுதி வானம் பார்த்த மேட்டுநிலம். ஆற்றங்கரை மாந்தர்க்கு நன்செய் எத்தகையதோ, அத்தகையது இம்மண்ணின் மாந்தர்க்கு ஆநிரை. நிரையை இழந்த ஊர் வாழ்வை இழந்த ஊர். நடுகற் பண்பாடு இங்கு வேரூன்றியதற்கு இதுவே காரணம் எனலாம்.

2004 வரை ஒரே மாவட்டமாயிருந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும், அடுத்துள்ள செங்கம் பகுதியிலும் பல்லவர் கால நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், சில கற்களில் உடலில் தைத்த அம்புகள். மேலே வட்டெழுத்துப் பொறிப்பு. அரசனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், ஊர், தொறு மீட்டுப் பட்ட செய்தி, பெரும்பாலும் இவ்வளவே. தொறு என்பது ஆநிரை. பட்டான் என்பது போரில் மாண்டான். அழுகையைப் பற்றி ஒரு சொல்லும் இராது. மகனை இழந்த தாய் அழாமலா இருந்திருப்பாள்? அழுதிருப்பாள். ஆயினும் அத்துயரம் செல்லவேண்டிய வழியை ஊர் முன்னரே வகுத்து வைத்திருந்தது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் ஆறு நிலைகளைக் கூறும். கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தி முடிப்பதற்குள் ஒரு வீட்டின் இழப்பு ஊரின் பெருமிதமாகி விடுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லைப் பாடிய ஔவையாரோ இம்மரபுக்குள் நின்றே, அந்தப் பெருமிதத்தால் ஆறாத துயரைப் புறநானூற்றில் வைத்துச் சென்றார்.

நிரை மீட்டவனுக்கு மட்டுமன்றி, நிரை கவர்ந்து பட்டவனுக்கும் கல் நடப்பெற்றது என்பது இக்காலத்தார்க்கு வியப்பளிக்கும். செங்கம் பகுதி எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த கல் ஒன்று, கோவிவன் என்னும் நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்ததைக் கூறி, நாயின் உருவையும் வீரனருகே காட்டுகிறது. பறிகொடுத்த ஊர்க்கு அவர்கள் கள்ளர். அத்தகையோரைப் பெற்ற ஊர்க்கோ கல்லுக்குரிய வீரர். செயல் ஒன்றே, அதனை எங்கிருந்து காண்பது என்பதைப் பிறந்த ஊர் முடிவு செய்தது.

பல கற்கள் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் இன்றும் நிற்கின்றன. அவற்றுட் சில வேடியப்பன் என வணங்கப்பெறுகின்றன. வட்டெழுத்தைப் படிக்கவல்லார் அவ்வூர்களில் அரியர். பட்டவன் பெயரும் மறந்துபோயிற்று. ஆயினும் கல்லின் முன் பொங்கலிடுகின்றனர். பிள்ளைக்கு வேடியப்பன் எனப் பெயரும் வைக்கின்றனர்.