‘இயந்திரக் கோளாறு காரணமல்ல’: ஆய்வாளர் அறிக்கையின் ஒரு வரி எதற்குச் சான்று?

கார் தானாக வேகமெடுத்தது என்று ஓட்டுநர் சொல்லும் விபத்துகளைப் பற்றிய நம் எழுத்துகளில் ஒரு வாசிப்பு நிலைபெற்றுவிட்டது. விபத்துக்கு வாகனத்தின் இயந்திரக் கோளாறு காரணமல்ல என்று மோட்டார் வாகன ஆய்வாளர் தம் அறிக்கையின் முடிவில் எழுதுகிறார். வண்டியில் கோளாறு இல்லை. ஆகவே கோளாறு காலில். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார். இந்த முடிவு பெரும்பாலான நிகழ்வுகளில் சரியாகவே இருக்கக்கூடும். ஆனால் அந்த ஒற்றை வரி இம்முடிவைத் தாங்காது. கணினி வழி இயங்கும் காரைப் பொறுத்தவரை அது ஒரு பக்கத்துக்கும் சான்றாகாது என்பதே இங்கு என் வாதம்.

அலங்காநல்லூரிலிருந்து தொடங்குவது பொருத்தம். பொங்கலையொட்டி அங்கு நடக்கும் ஜல்லிக்கட்டில் முதலிடம் பெறுவோருக்கு அண்மை ஆண்டுகளில் கார் பரிசாகிறது. டிராக்டரும் பரிசுப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே சாலையில் ஓடுபவை. எஞ்சினை அடக்கும் முறையில் இரண்டு வேறு காலத்தவை. பல டிராக்டர்களில் ஒரு குமிழை வெளியே இழுத்தால் எஞ்சினுக்கு டீசல் போவது நின்றுவிடும். இழுக்கும் கைக்கும் பம்ப்புக்கும் இடையே இருப்பது ஒரு கம்பி மட்டுமே. இன்றைய பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டருக்குக் கீழே ஒயர் கிடையாது. மிதியில் உள்ள இரண்டு சென்சார்கள் இரண்டு மின்னழுத்தங்களை அனுப்புகின்றன. எஞ்சின் கணினி அவற்றை ஒப்பிட்டு, ஒரு சிறு மோட்டார் மூலம் காற்றுவழியைத் திறக்கிறது. பொத்தான் ஸ்டார்ட் உள்ள வண்டியில் அணைப்பதும் கணினியிடம் வைக்கும் ஒரு கோரிக்கைதான்; ஓடும்போது அந்தப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இந்த இரண்டு வண்டிகளும் விபத்துக்குள்ளானால் சோதனையின் முடிவில் எழுதப்படும் வரி மட்டும் ஒன்றே.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? வண்டி ரெக்கவரி வேனில் காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றியிருப்பார்கள். ஓட்டுநர் காலடியில் கிடந்த மேட்டும், உருண்டு கிடந்த தண்ணீர் பாட்டிலும் யாரோ எடுத்துப் பின் சீட்டில் போட்டவையாக இருக்கும். ஆய்வாளர் பிரேக்கை மிதித்துப் பார்ப்பார், ஹேண்ட்பிரேக்கை இழுப்பார், ஸ்டீயரிங்கைத் திருப்புவார், ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டு அது திரும்புகிறதா என்று பார்ப்பார். ஒயர் இருந்த காலத்தில் இந்தக் கடைசிச் சோதனைக்கு முழுப் பொருள் உண்டு. சிக்கிக்கொண்ட ஒயரில் இழை பிரிந்திருக்கும், உறையில் துரு இருக்கும். ‘வண்டி ரேஸ் ஆகி நிக்கவே இல்ல’ என்று ஓட்டுநர் சொன்னது மறுநாளும் கண்ணுக்குத் தெரியும். மின்னணு மிதி, கணினியில் கோளாறு இருந்தாலும் திரும்பும். அது திரும்புவது அதன் ஸ்பிரிங் நன்றாயிருப்பதற்கு மட்டுமே சான்று.

பிரேக் சோதனையிலும் இதே குறை. வழக்கமான பெட்ரோல் எஞ்சினில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் எஞ்சினிலிருந்தே கிடைக்கிறது. காற்றுவழி முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த வெற்றிடம் உருவாகாது. சேமிப்பில் உள்ளதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்தால் தீர்ந்துவிடும், மிதி கட்டைபோல் இறுகிவிடும். நிலைய வளாகத்தில் ஐடிலிங்கில் நிற்கும் வண்டியின் பிரேக் பிடிக்கிறது என்பது, முழு வேகத்தில் பாயும் அதே வண்டியில் பதறிய ஒருவர் விட்டு விட்டு மிதித்தபோது என்ன நடந்தது என்பதைச் சொல்லாது.

கணினியின் கதை இன்னும் சிக்கலானது. 2007-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2005ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா கேம்ரி கட்டுப்பாடிழந்து மோதியதில் ஒருவர் இறந்தார், ஓட்டிய பெண் படுகாயமடைந்தார். 2013 அக்டோபரில் ஜூரி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூலநிரலை ஆராய்ந்த மைக்கேல் பார் அளித்த சாட்சியத்தின் மையம் இதுதான்: நினைவகத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் காற்றுவழியைக் கவனிக்கும் பணி நின்றுபோகலாம், அப்படி நிற்கும்போது கோளாறுக் குறியீடு எதுவும் பதிவாகாமலும் போகலாம். எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கினால் எல்லாம் சரியாகிவிடும். அதாவது மறுநாள் சோதிக்கப்படுவது விபத்தின்போது இருந்த நிலை அல்ல. அது மிக அரிதாகவே நடக்கும் என்ற மறுப்பை இங்கே நான் பொருட்படுத்தவில்லை. அரிதானது நடந்ததா என்று காட்ட முடியாத சோதனை, நடக்கவில்லை என்றும் காட்ட முடியாது.

இதற்கு எதிராக வழக்கமாக நீட்டப்படுவது 2011 பிப்ரவரியில் வெளியான நாசா அறிக்கை. டொயோட்டாவின் மின்னணுக் கட்டுப்பாட்டில் காரணம் ஏதும் இல்லை என்று நாசாவே சொல்லிவிட்டதாக அது மேற்கோள் காட்டப்படுகிறது. அறிக்கையைப் படித்தால் அதன் தொனி வேறு. தாங்கள் தேடிய சான்று கிடைக்கவில்லை, கிடைக்காததாலேயே அப்படி நிகழ முடியாது என்று ஆகிவிடாது என்ற எச்சரிக்கை அதிலேயே இருக்கிறது. மிதியின் சென்சாரில் வெள்ளீய இழைகள் வளர்ந்து மின்வழிகளை இணைத்திருந்ததையும் அது பதிவு செய்கிறது. நினைவகத்தில் பிழைதிருத்தும் ஏற்பாடு இருப்பதாக நாசா குழு எடுத்துக்கொண்டதையும், தாம் பார்த்த கணினியில் அது இல்லை என்பதையும் பார் பின்னர் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார். பல மாதம் ஆய்வுக்கூடத்தில் உழைத்த குழுவே இவ்வளவு நிதானத்தோடு எழுதியிருக்க, நிலைய வளாகத்தில் பார்த்து எழுதிய வரிக்கு அதைவிடக் கூடுதல் உறுதியை ஏற்றுவது எந்த ஆய்வு முறைக்கும் அடுக்காது.

காலின் பிழை என்ற முடிவை நான் மறுக்கவில்லை. 2024 ஜூலை 1-ல் தென்கொரியத் தலைநகர் சியோலின் நகர மண்டபம் அருகே கார் பாய்ந்து 9 பேர் இறந்தபோது, பிரேக் வேலை செய்யவில்லை என்றார் ஓட்டுநர். தடயவியல் ஆய்வில் அவருடைய வலது காலணியின் அடிப்பகுதியில் ஆக்சிலேட்டர் மிதியின் வடிவம் பதிந்திருந்தது. இந்தச் சான்றை நான் மதிப்பதற்குக் காரணம், அது கணினிக்கு வெளியே கிடைத்தது. காரின் பதிவுக் கருவி காட்டும் மிதி அளவு அப்படியல்ல. எந்தச் சுற்றின் மீது ஐயமோ, அந்தச் சுற்றே கொடுத்த எண் அது. பழைய இழை பல்புகளும் வெளிச்சான்றே: எரிந்துகொண்டிருக்கும்போது மோதினால் பிரேக் விளக்கின் சூடான இழை நீண்டு வளையும், அணைந்திருந்தால் அப்படி ஆகாது. எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு அந்தச் சாட்சியும் போய்விட்டது. அலங்காநல்லூரில் இப்படி ஒரு வழக்கு வந்தால் ஓட்டுநரின் செருப்பை யாராவது உறையிலிட்டு அனுப்புவார்களா? அனுப்பும்படி ஆய்வாளர் நிரப்பும் படிவம் எங்கும் கேட்பதில்லை.

முந்தைய வாசிப்பு கவனிக்கத் தவறிய இன்னொன்று, கிளட்ச். காலின் பிழையை நிறுவிய அமெரிக்க ஆய்வுகள், ஆடி 5000 கார்கள் தாமாகப் பாய்ந்ததாக எழுந்த சர்ச்சைக்குப் பின் 1989-ல் வந்த அரசு அறிக்கை உட்பட, ஆட்டோமேட்டிக் கார்களைப் பற்றியவை. நம் ஓட்டுநர் பழகியது மூன்று மிதி. பதற்றத்தில் அவர் கிளட்சையும் சேர்த்தே மிதிப்பார். வலது கால் ஆக்சிலேட்டரில் விழுந்தாலும் எஞ்சின் அலறும், வண்டி பாயாது. ஆய்வாளர் அறிக்கையின் வாய்பாடு இந்தப் பாதுகாப்பு இருந்த காலத்தில் உருவானது. 2014-ல் மாருதி செலேரியோவோடு வந்த, கியரைத் தானே மாற்றும் ஏ.எம்.டி. சிறு கார்களிலும் கிளட்ச் மிதியை எடுத்துவிட்டது. மின்சாரக் கார்களில் அது எப்போதுமே இல்லை. இடது காலுக்கு வேலை போய்விட்டது. அந்த இடத்தில் இடது கை என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சிப் பள்ளிகள் சொல்லித்தர வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதி என்ற அறிவுரை மட்டும் போதாது. பாதம் ஏற்கெனவே ஆக்சிலேட்டரில் இருந்தால் அது ஆபத்தைக் கூட்டும். காலை முழுதாகத் தூக்கி மறுபடி வைப்பதும், விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துவதும், நியூட்ரலுக்குத் தள்ளுவதும் பழக்கமாக வேண்டும். இவற்றுள் நியூட்ரலை நான் முதலில் வைப்பேன். சில வண்டிகளில் அந்த லீவரும் கணினிக்குச் செய்தி அனுப்புவதுதான் என்றாலும், ஆக்சிலேட்டரின் பாதையை அது சார்ந்ததல்ல. கோளாறு காலில் இருந்தாலும் நிரலில் இருந்தாலும் அது பயன்படும். விபத்தின்போது கியர் எந்த நிலையில் இருந்தது என்பதும் ஆகையால் முதல்தரச் சான்று.

சட்டத்தில் இதன் விளைவு சிறிதல்ல. வாகனத்தின் உட்கோளாறே காரணம் என்று சொல்பவர், உரிய கவனத்தோடு பார்த்தாலும் அது தெரிந்திருக்காது என்பதைத் தாமே நிறுவ வேண்டும் என்று 1977-ல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கோளாறில்லை என்று அரசு அலுவலரே எழுதிய தாளை எதிரே வைத்துக்கொண்டு அதை எப்படி நிறுவுவது? இழப்பீட்டைப் பொறுத்தவரை கௌஷ்னுமா பேகம் வழக்கு (2001) கவனக்குறைவை நிறுவாமலும் உரிமையாளரைப் பொறுப்பாக்க வழி காட்டியிருக்கிறது, பாதிக்கப்பட்டவர் கைவிடப்படமாட்டார். குற்ற வழக்கில் அப்படியல்ல. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின் கீழ் நிற்பவருக்கு அந்த ஒரு வரியே சிறைவாசல் ஆகலாம். தப்பிக்க ஓட்டுநர் பொய் சொல்வார் என்பது உண்மையே. அதனால் அந்தத் தாளின் எடை கூடிவிடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு, சோதனைக்காக எடுத்துச்சென்ற வண்டியை நடைமுறைகள் முடித்து 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. அந்தக் கெடுவுக்குள் செய்ய முடிந்தவை உண்டு: பேட்டரியைக் கழற்றும் முன் கணினியில் உள்ளதை ஸ்கேனரால் படியெடுப்பது, காலடியில் கிடந்தவற்றை இருந்த இடத்திலேயே படமெடுப்பது, கியர் நிலையைக் குறிப்பது, காலணியைக் கைப்பற்றுவது. இவை செய்யப்படாத வழக்குகளில் ஆய்வாளர் எழுதத்தக்கது, தாம் பார்த்த உறுப்புகளில் குறையேதும் தென்படவில்லை என்பது மட்டுமே; காரணம் இன்னதல்ல என்று எழுத அவரிடம் ஆதாரம் இல்லை.