கல் அச்சில் வந்த கடவுளர் – 6: கும்பகோணத்தார் சொன்ன யோசனை

ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை 1802-இல் எழுப்பிய தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர்; ஐரோப்பிய நூல்களையும் அச்சுப் படங்களையும் தேடித் தேடிச் சேர்த்தவர் என்று போன வாரம் பார்த்தோம். அரண்மனைக்குள் இருந்த அந்த ஆசை வீட்டுக்கு வீடு பரவியதிலும் தஞ்சை மராட்டியர் ஒருவருக்குப் பங்குண்டு. கும்பகோணத்தில் பிறந்து பரோடா திவானாக உயர்ந்த சர் டி. மாதவராவ்தான் அவர்.

"ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் பிரதி எடுக்கலாமே, பெயரும் பரவும், நாட்டுக்கும் தொண்டாகும்" என்ற கருத்தில் 1880-களில் அவர் ஓவியர் ரவி வர்மாவுக்கு எழுதினார். ரவி வர்மாவோ எந்திரத்தையே இங்கு வரவழைத்துவிட்டார்! 1894-இல் பம்பாயில் அச்சகம் திறந்தபோது, யோசனை சொன்னவர் கண்மூடி மூன்றாண்டு ஆகியிருந்தது.

எந்திரமும் ஜெர்மனி, அதை ஓட்டத் தெரிந்தவர்களும் ஜெர்மனி. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். அச்சடித்து முடிந்ததும் கல்லைத் தேய்த்துவிட்டு அதிலேயே அடுத்த படம் வரைவார்கள். மிஞ்சுவது காகிதம் மட்டுமே. பெர்லின் சுவரொட்டியானாலும் நம் வீட்டு லட்சுமியானாலும், அதைக் கிழிக்காமல் காத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவது இதனால்தான்.

பரணில் பழைய சாமி படம் கிடைத்தால் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். பூதக்கண்ணாடி வைத்து லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். புள்ளிகள் மணல் தூவியதுபோல் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் அது கல் அச்சாக இருக்கலாம். கோலப்புள்ளி மாதிரி வரிசையாக இருந்தால் பிற்கால ஆப்செட். படத்தின் விளிம்பையும் பாருங்கள். சட்டம் போடும்போது வெட்டாமல் விட்டிருந்தால், அச்சகத்தின் பெயர் அங்கேதான் இருக்கும்.

1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். லோனாவாலா அருகே மளவலிக்கு அச்சகத்தை மாற்றியும் கடன் தீரவில்லை. விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாங்க முன்வந்தவர் வெளியாள் அல்ல. அதே அச்சகத்தில் வேலை பார்த்த ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர். எந்திரங்கள் மட்டும் அவருக்குப் போதவில்லை. ரவி வர்மாவின் படங்களை அச்சிடும் உரிமையும் வேண்டும் என்றார். கொடுத்தால் லட்சுமியும் சரஸ்வதியும் இனி எந்தச் சரக்கின் விளம்பரத்தில் வந்து நிற்பார்களோ? ரவி வர்மா என்ன பதில் சொன்னார்?

(அடுத்த வாரம்)