பாஸ்புக் வந்த காலம்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டெண்டரில்தான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு உறை முறை, மருந்து விலை இறங்கிய கதை, மற்ற மாநிலங்கள் பின்பற்றிய கதை என்று அது போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் கொடைரோட்டைச் சுற்றியுள்ள சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராகவே பணிக்காலத்தைக் கழித்த எனக்கு, அந்தக் கழகம் செய்த பெரிய காரியம் வேறு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்களே, அதுதான்.

அதற்கு முந்தைய நிலைமையைச் சொன்னால்தான் இது புரியும். திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985இல். அதற்குச் சில வருடம் கழித்து நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது மாத்திரைகள் ஆயிரம் ஆயிரமாக டப்பாவில் வரும். தட்டில் கொட்டி, கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். வயிற்று உப்புசத்துக்கான மிக்ஸ்சரை நாங்களே கலக்குவோம். வாங்க வருகிறவர் பாட்டில் கொண்டுவர வேண்டும். சிறுமலைப் பக்கம் மழை இறங்கிவிட்டால் டப்பாவுக்குள் மாத்திரைகள் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பூ பறிக்கிற பெண்கள் விடிகாலை வேலையை முடித்துவிட்டு ஓ.பி.க்கு வருவார்கள். அவர்களில் ஒரு பாட்டி கடைசிவரைக்கும் என்னைக் "கம்பவுண்டர் தம்பி" என்றுதான் கூப்பிட்டார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "நேத்து வெள்ளையா இருந்துச்சு, இன்னைக்கு ஏன் தம்பி மஞ்சளா இருக்கு?" என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. டப்பாவில் பேர் இருக்கும், பொட்டலத்தில் ஒன்றும் இருக்காது.

கொள்முதலோ எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நடந்தது. மருத்துவக் கல்வி, மருத்துவ ஊரகநலப் பணிகள், பொதுச் சுகாதாரம் என்று துறைகள் தனித்தனியாக வாங்கிய காலம் அது. நாங்கள் இண்டென்ட் எழுதுவோம். கேட்டது வராது, வந்தது நாங்கள் கேட்டதாக இருக்காது. வயிற்றுப்போக்கு பரவுகிற கோடையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் தீர்ந்துபோயிருக்கும். யாருமே கேட்காத டானிக் அலமாரி நிறைய நிற்கும். அந்த டானிக்கை ஸ்டாக் ரிஜிஸ்டரில் வரவு வைத்து, காலாவதித் தேதி வரை காத்திருந்து, பிறகு அழிக்க அனுமதி கேட்டு எழுதுவதே ஒரு தனி வேலை. மருந்தைக் கையில் தொடுகிறவனுக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை என்பதே கிடையாது.

1990களின் தொடக்கத்தில் மருந்துக் கொள்முதலில் முறைகேடு என்ற புகார்கள் பலமாகவே எழுந்தன. அதையொட்டி 1994 ஜூலை 1 அன்று கம்பெனிச் சட்டத்தின் கீழ் கழகம் பதிவானது. 1995 ஜனவரியில் மருந்து விநியோகம் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் அதை நடத்தியவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூரணலிங்கம். எந்தெந்த மருந்து வேண்டும் என்பதை அரசு மருத்துவமனைகளின் மருத்துவர்களும் துறைத் தலைவர்களும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். 200க்குச் சற்று அதிகமான மருந்துகளோடு அத்தியாவசியப் பட்டியல் தயாரானது. டெண்டரில் தொழில்நுட்ப உறையை முதலில் பிரிப்பார்கள். தயாரிப்பாளருக்கு உரிமம் இருக்கிறதா, தரமான உற்பத்திக்குச் சான்று இருக்கிறதா, போதிய வியாபாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் தேறியவரின் விலை உறையை மட்டும்தான் அடுத்துத் திறப்பார்கள். மருந்துகள் மாவட்டக் கிடங்குகளுக்கு வரும். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்துக் குறியீட்டு எண் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறியது என்று முடிவு வரும்வரை அந்தப் பெட்டி வெளியே போகாது.

மாத்திரைகள் ஸ்டிரிப்பில் வர ஆரம்பித்தன. 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்ற அச்சும் அதன்மேல் இருந்தது. வெளிக்கடைக்குக் கடத்துவதைத் தடுக்கத்தான் அந்த அச்சு. ஆனால் ஒவ்வொரு நோயாளியின் கைக்கும் மருந்தின் பேரும் தேதியும் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். பாட்டியின் கேள்விக்கு ஸ்டிரிப்பைத் திருப்பிக் காட்டி என்னால் பதில் சொல்ல முடிந்தது.

இனி பாஸ்புக். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தொகை. திண்டுக்கல் கிடங்குக்குப் போய், பட்டியலில் எது வேண்டுமோ, எவ்வளவு வேண்டுமோ எடுக்கலாம். எடுத்ததற்கு டெண்டர் விலையில் கணக்குப் போட்டு பாஸ்புக்கில் கழிப்பார்கள். மீதி அடுத்த முறைக்கு. பேங்க் கணக்கு மாதிரியேதான். மருந்து பட்ஜெட்டில் சுமார் 90 சதவீதம் இந்த வழியில் போனது. பட்டியலில் இல்லாததை, அவசரத்துக்கு, மருத்துவமனையே உள்ளூரில் வாங்கிக்கொள்ள 10 சதவீதத்தை விட்டுவைத்தார்கள்.

இதனால் என்ன ஆனதென்று வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. அதுவரை ஒரு மாத்திரையின் விலை எங்களில் யாருக்குமே தெரியாது. பாஸ்புக் வந்ததும் எங்கள் மெடிக்கல் ஆபீசரும் நானும் செவிலியரும் மாதக் கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தோம். போன மாதம் எத்தனை காய்ச்சல், எத்தனை பேதி, எத்தனை பாம்புக்கடி, கையிருப்பு என்ன, பாஸ்புக்கில் பாக்கி எவ்வளவு? விலை கூடின ஆன்டிபயாடிக்கை வழக்கமாக எழுதிக்கொண்டிருந்த டாக்டர், அந்தத் தொகைக்கு எத்தனை குழந்தைகளுக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுக்கலாம் என்று பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

கொடைரோடு ரயிலடியில் இறங்கி வத்தலக்குண்டு வழியாக ஏறினால் கொடைக்கானல். ஒரே மாவட்டம்தான். ஆனால் மேலே சளியும் மூச்சிரைப்பும் என்றால், கீழே அம்மையநாயக்கனூர், பள்ளபட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்த ஆட்களின் அரிப்பும் கண் எரிச்சலும். தோட்டங்காட்டு வேலை என்பதால் பாம்புக்கடிக்கு மருந்து எப்போதும் கையிருப்பில் இருந்தாக வேண்டும். சென்னையிலிருந்து எல்லோருக்கும் ஒரே அளவாகப் பிரித்து அனுப்பினால் மலைக்கும் சமவெளிக்கும் சேர்ந்தே பற்றாக்குறை வரும். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள பாஸ்புக் வழி விட்டது.

இதற்கெல்லாம் முன்னோடி என்று நான் மதிப்பது இலங்கையின் சேனக பிபிலேயை. மருந்தியல் பேராசிரியர். அவரும் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் கொடுத்த அறிக்கையின் பேரில் 1971இல் அங்கே அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலேதான் முதல் தலைவர். 2,000க்கு மேற்பட்டிருந்த மருந்துகளைச் சுமார் 600 ஆக மருத்துவர்களின் குழு குறைத்தது. அதன் பிறகுதான் உலக டெண்டர். வணிகப் பேரை விட்டு மருந்தின் பேரில் வாங்கினார்கள். மருத்துவம் தெரிந்தவர் முதலில் முடிவு செய்ய வேண்டும், விலை பேசுகிறவர் அடுத்துதான் வர வேண்டும் என்ற வரிசையை நம் பகுதியில் காட்டியது அவர்கள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் 1977இல் வந்தது. பிபிலே இறந்ததும் அதே வருடம். கேரளமும் ராஜஸ்தானும் தங்கள் கழகங்களைத் தொடங்கியது 2000க்குப் பிறகு. தமிழ்நாட்டைப் பார்த்துத்தான் தொடங்கின.

ஆனாலும் பாதி வழிதான் வந்திருக்கிறோம். மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்கிறார், அளவை நிலையம் சொல்கிறது. கையுறை, பிளாஸ்திரி, ஊசிக்குழல், பஞ்சு இவற்றின் விவரக்குறிப்பை எழுதும்போது அவற்றைத் தினமும் பிடிக்கிற கையைக் கேட்கிறார்களா? ஒரு வருடம் எங்களுக்கு வந்த பிளாஸ்திரி காகிதத்தில் பார்த்தால் குறையில்லாதது. வாங்கியவர், விற்றவர் யார் என்பது இப்போது முக்கியமில்லை. சித்திரை வெயிலில் வியர்த்த கையில் அது நிற்கவில்லை. பிரசவம் முடிந்த ஒரு பெண்ணுக்குக் குளுக்கோஸ் ஊசி நழுவி, எங்கள் செவிலியர் சகோதரி பாட்டில் முடிகிறவரை தன் விரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெண்டர் திறக்குமுன் அந்த பிளாஸ்திரியில் ஒரு முழத்தை அவரிடம் கொடுத்திருந்தால் ஒரே நிமிடத்தில் முடிவு சொல்லியிருப்பார்.

1998இன் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஒப்பந்தப்புள்ளிகளை ஆராயக் குழு அமைக்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. தொழில்நுட்ப உறை பிரிக்கிற நாளில், பெயர் மறைத்த மாதிரிகளைச் சமவெளியிலிருந்து ஒரு செவிலியர், மலையிலிருந்து ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் ஆகியோர் பயன்படுத்திப் பார்த்து மதிப்பெண் போடட்டும். மாத்திரைக்குப் பெயர் மறைத்துச் சோதனை செய்யத் தெரிந்த கழகத்துக்குப் பிளாஸ்திரிக்கும் அதையே செய்வது கடினமில்லை. குழுவில் இருப்பவர் ஒவ்வொருவரும் விற்பனையாளரோடு தமக்குத் தொடர்பில்லை என்று எழுதிக் கொடுக்கட்டும், முறை வைத்து ஆட்களை மாற்றட்டும். போய்வரப் பயணப்படியும், அன்றைக்கு வார்டைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆளும் கொடுத்துவிட்டால், நிலக்கோட்டையிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் கிளம்பிப் போக ஆட்கள் இருக்கிறார்கள்.