மேற்கோள் கணக்கில் தெரியாத ஆண்டுகள்



எங்கள் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி அவருடைய வேலையை மதிப்பிடும் வழக்கம் அங்கே உண்டு. இதற்கான பெரிய அட்டவணையை அமெரிக்கரான இயூஜின் கார்பீல்ட் 1964இல் தொடங்கினார். நான் கணக்காளன், எண்களை மதிப்பவன். ஆனால் எந்த எண் எதைக் காட்டவில்லை என்று பார்ப்பதும் எங்கள் தொழிலின் பாகம்தான். அதற்கு நல்ல உதாரணம், இங்கிலாந்தின் உயிர் இரசாயனவியலாளர் பீற்றர் மிச்செல்.

1920இல் பிறந்த மிச்செல் கேம்பிரிஜில் படித்து, 1955இல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். கலத்தைச் சுற்றியுள்ள மெல்லிய மென்சவ்வினூடாகப் பொருட்கள் எப்படி உள்ளே போகின்றன, வெளியே வருகின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி.

நாம் உண்ணும் உணவின் சக்தியை உடல் ஏ.ரீ.பி. என்ற இரசாயனப் பொருளாக மாற்றித்தான் செலவிடுகிறது. அந்த மாற்றத்துக்கு இடையில் ஏதோவொரு உயர்சக்திச் சேர்வை இருக்கவேண்டும் என்று நம்பி, அன்றைய பெரிய ஆய்வுகூடங்கள் அதைத் தேடின. அது கிடைக்கவேயில்லை. அப்படி ஒன்று தேவையே இல்லை என்று 1961இல் 'நேச்சர்' சஞ்சிகையில் மிச்செல் எழுதினார். உணவின் சக்தி ஐதரசன் அயன்களை மென்சவ்வின் ஒரு பக்கத்துக்குத் தள்ளிச் சேர்க்கிறது. குளத்தில் மறித்த தண்ணீர் துருசு வழியாகப் பாய்வதுபோல, அவை திரும்பிப் பாயும்போது ஏ.ரீ.பி. உருவாகிறது என்றார்.

துறையிலிருந்த பெரும்பாலானோர் இதைப் பொருட்படுத்தவில்லை. குடற்புண்ணால் உடல்நலம் கெட்டு, 1963இல் மிச்செல் பதவியை விட்டார். கோர்ண்வோல் மாவட்டத்தில் பாழடைந்துகிடந்த கிளின் மாளிகையைத் திருத்தி, தானும் சகோதரரும் போட்ட சொந்தப் பணத்தில் சிறியதோர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். கேம்பிரிஜ் காலத்திலிருந்தே அவரோடு வேலை செய்த ஜெனிபர் மொயிலும் கூட வந்தார். ஒட்சிசன் இல்லாமல் வைத்திருந்த எலி ஈரல் இழைமணிகளுக்குச் சிறிதளவு ஒட்சிசன் கொடுத்தபோது அயன்கள் வெளியேறுவதை இருவரும் அளந்து காட்டினார்கள். 1966இலும் 1968இலும் மிச்செல் தன் விளக்கத்தைச் சாம்பல்நிற அட்டை போட்ட இரண்டு புத்தகங்களாகத் தாமே வெளியிட்டார்.

சாட்சியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1966இல் அமெரிக்காவில் அந்திரே யாகென்டோர்பும் ஏர்னெஸ்ற் உரிபேயும் இலைகளின் பச்சையவுருமணிகளை இருட்டில் அமிலத்தில் ஊறவைத்து, உடனே காரத்துக்கு மாற்றினார்கள். வெளிச்சமே இல்லாமல் ஏ.ரீ.பி. உண்டானது. 1977இல் மிச்செலும், அவருடன் வாதாடிய சிலர் உட்பட இத்துறையின் வேறு ஐந்து முன்னணி அறிஞர்களும் ஒரே ஆய்வு மலரில் சேர்ந்து எழுதினார்கள். 1978இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு மிச்செலுக்குத் தனியாகக் கிடைத்தது.

இனி, அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையைப் பாருங்கள். 2014இல் 'நேச்சர்' வெளியிட்ட பட்டியலில் முதலிடம், புரதத்தின் அளவைக் கண்டறியும் முறைபற்றி ஒலிவர் லவுறி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரைக்கு. அதற்கு மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள். ஆய்வுகூடங்களில் தினமும் பயன்படும் முறை என்பதால் அந்த எண் ஏறியது. அது பயனைக் காட்டும் எண். சிந்தனையைத் திருப்பிய கட்டுரைக்கு அவ்வளவு எண் வரவேண்டும் என்றில்லை.

மேற்கோள் என்பது வரவு பதியப்படும் நாளை மட்டுமே காட்டும். 1961 முதல் 1978 வரையான பதினேழு ஆண்டுகளில் போட்ட உழைப்பை எந்தப் பேரேட்டிலும் தேட முடியாது. பரிசுப் பத்திரத்தில் மொயிலின் பெயர் இல்லை. ஆனால் அளவீடுகளில் அவருடைய கை இருக்கிறது.

ஆகவே, "எத்தனை கட்டுரை வந்தது, எப்ப முடியும்?" என்று ஆராய்ச்சி செய்யும் மகளிடமோ மகனிடமோ கேட்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் என்ன கேள்வியோடு மல்லுக்கட்டுகிறாய் என்று ஒருதடவை கேட்டுப்பாருங்கள். பதில் முழுவதும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை.